பின்னணி

கதை எழுதுகிறவன் உறவுக்காரர்கள் இருக்கும் ஊருக்குப் போனால் அவனுக்கென்று ஒரு வேலை காத்துக் கொண்டிருக்கும். மனு எழுதித் தர வேண்டும். பட்டா மாற்ற மனு, தெரு விளக்குக்கு மனு, சம்பந்தி வீட்டாருக்கு மனஸ்தாபம் வராதபடி ஒரு கடிதம். "இத்தனை நாவல் எழுதியிருக்கீங்க, இது ஒரு பெரிய காரியமா?" என்பார்கள். பெரிய காரியந்தான். நாவலில் நடக்காததை நடந்த மாதிரி எழுதினால் போதும். மனுவில் நடந்ததையே நடந்த மாதிரி எழுத வேண்டியிருக்கிறது. அது எனக்குக் கைவந்ததே இல்லை.

ஆடித் தபசுக்காகச் சங்கரன்கோவிலில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது இந்தத் தடவை வந்த மனு சற்று விசித்திரமானது. கேட்டவள் தங்கையின் மகள். திருநெல்வேலியில் கணிதத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறாள். வெளிநாட்டுப் பல்கலைக் கழகம் ஒன்றில் மேலே ஆராய்ச்சி செய்ய இடம் கேட்டு விண்ணப்பம் போடுகிறாள். அதில் ஒரு கேள்வி: 'உங்கள் கல்வி, ஆராய்ச்சிப் பின்னணி பற்றி ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுக.'

"நான் எழுதிட்டேன் மாமா. நீங்க ஒரு தடவை பார்த்தாப் போதும்" என்று மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

பார்த்தேன். பக்கத்துக்கு மிகுவதாவது! ஐந்து வரிகள். பி.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு. எம்.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு. ஆராய்ச்சித் துறை, பயன்பாட்டுக் கணிதம். அதில் வரிசைக் கோட்பாடு என்ற பிரிவு. அச்சில் வந்த கட்டுரை ஒன்று. எம்.எஸ்சி.க்கும் ஆராய்ச்சிக்கும் நடுவில் இரண்டு வருஷம் காணாமற் போயிருந்தது.

எனக்கு அந்த இரண்டு வருஷத்தைத் தெரியும். அவள் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். காலில் நரம்பு சுருட்டிக் கொண்டு புண்ணாகிப் படுத்துவிட்டார். அவள் நூல் கடை ஒன்றில் கணக்கு எழுதி அந்தக் குடும்பத்தை இழுத்தாள். 'அடடா, இவ்வளவு இருக்கும்போது ஐந்து வரியா!' என்று எனக்குள் இருந்த நாவலாசிரியன் துள்ளி எழுந்தான். வாசல் திண்ணையில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டேன். விசைத்தறியின் ஓலம், மங்கிய விளக்கு, ஏழை நெசவாளியின் கண்ணீர், அந்தக் கண்ணீரில் தெரிந்த எண்கள். நன்றாகவே வந்திருந்தது. வாரப் பத்திரிகைக்குக் கொடுத்தால் படத்தோடு போடுவார்கள்.

அவள் நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டாள்: "யாரு மாமா அழுதா?"

"ஏம்மா, ஒரு பேச்சுக்கு..."

"அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. விளக்கும் மங்கல் இல்லை. இழை தெரியணுமே, நல்ல வெளிச்சமாத்தான் போட்டிருப்பாங்க."

எத்தனையோ விமர்சகர்கள் என் எழுத்தைப் பற்றி எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக் கொண்டேன்.

சாயங்காலம் இரண்டு பேருமாகக் கோவிலுக்குப் போனோம். ஒன்பது நிலைக் கோபுரம் மேற்கு வெயிலில் நின்றது. சங்கரனும் நாராயணனும் ஒரே திருமேனியாக நிற்கிற சந்நிதி அது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்களுக்குள் வழக்கு வந்ததாகவும், இருவரும் ஒருவரே என்று காட்டும்படி கோமதியம்மன் தவமிருந்ததாகவும் கதை. அந்தத் தவந்தான் தபசு. கூட்டத்தில் நசுங்கித் தரிசனம் செய்துவிட்டு, புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக் கொண்டு, பிராகாரத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்தோம்.

மனசுக்குள் இன்னும் அந்தக் காகிதம் உறுத்திக் கொண்டிருந்தது. "உலகத்திலேயே பிரசித்தமான பின்னணிக் கடிதம் எது தெரியுமா?" என்று கேட்டேன்.

"ராமானுஜன் ஹார்டிக்கு எழுதினதுதானே?"

அதுதான். 1913-ஆம் வருஷம் ஜனவரி மாதம், சென்னைத் துறைமுகக் கணக்கு இலாகாவிலிருந்து ஒரு குமாஸ்தா கேம்பிரிட்ஜுக்கு எழுதினார். தமக்கு வருஷம் இருபது பவுன் சம்பளம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். பல்கலைக் கழகப் படிப்பு இல்லை என்பதையும் ஒளிக்கவில்லை. வயசு மட்டும் சுமார் இருபத்து மூன்று என்கிறார். அப்போது அவருக்கு இருபத்தைந்து. மேதைகளும் விண்ணப்பம் எழுதும்போது இரண்டு வயசைக் குறைத்துக் கொள்கிறார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். எஃப்.ஏ. தேறாத அந்த மனிதருக்குச் சென்னைப் பல்கலைக் கழகம் அதே வருஷம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்து ஆராய்ச்சி மாணவராக வைத்துக் கொண்டது.

"அவர் சம்பளத்தைச் சொன்னார். நீ நூல் கடையைச் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"அவர் ராமானுஜன் மாமா."

இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே ராமானுஜனை விட்டுவிட்டுப் பக்கத்து ஊருக்கு வந்தேன். "சரி, பிள்ளையைத் தெரியுமா? எஸ்.எஸ். பிள்ளை."

"2184!" என்றாள் உடனே. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே விளக்கினாள். அடுத்தடுத்து வரும் எண்களில் சிலவற்றை எடுத்துக் கொள்ள வேண்டியது. உதாரணமாக 8, 9, 10. இதில் 9 மட்டும் தனிக்கட்டை. மற்ற இரண்டோடும் அதற்குப் பொதுவான வகுக்கும் எண் ஒன்றைத் தவிர வேறில்லை. இப்படி வரிசையாக எந்த எண்களை எடுத்தாலும், பதினாறு எண்கள் வரையில், அந்தக் கூட்டத்தில் ஒரு தனிக்கட்டையாவது இருந்தே தீரும் என்று பிள்ளை நிரூபித்தார். பதினேழாகும்போது அந்த நியமம் உடைகிறது. 2184 முதல் 2200 வரை உள்ள பதினேழு எண்களில் ஒவ்வொன்றுக்கும் கூட்டத்துக்குள்ளேயே ஏதோ ஓர் உறவு இருக்கிறது. தனிக்கட்டை ஒன்றுகூட இல்லை.

"தபசுக் கூட்டம் மாதிரி" என்றேன். அவள் சிரித்தாள்.

அவளுக்குத் தெரிந்த பிள்ளை இவ்வளவுதான். ஊர் தெரியாது. எனக்குத் தெரிந்த பிள்ளை வேறு. இந்தக் கோவிலிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பஸ் பிரயாணத்தில், குற்றாலத்துக்கு அருகே வல்லம் என்ற ஊரில் 1901-இல் பிறந்தவர். அப்பா பெயர் சுப்பையா பிள்ளை. அம்மா பெயர் கோமதியம்மாள். பிள்ளைக்கு இட்ட பெயர் சிவசங்கரநாராயணன். கோமதி பெற்ற சங்கரநாராயணன்! அந்தப் பெயரை வைக்கும்போது இந்தச் சந்நிதியை நினைக்காமல் வைத்திருப்பார்களா? நான் அப்படித்தான் நம்புகிறேன்.

அந்தக் கோமதியம்மாள் பிள்ளை பிறந்த மறு வருஷமே இறந்துவிட்டாள். பையன் செங்கோட்டையில் படித்தான். அங்கே சாஸ்திரியார் என்ற ஆசிரியர் அவன் புத்தியைக் கண்டு கொண்டார். பள்ளிக்கூடப் படிப்பு முடிகிற வருஷத்தில் அப்பாவும் போய்விட்டார். அத்தோடு படிப்பு நின்றிருக்க வேண்டியது. ஊரில் எத்தனை பேருக்கு அப்படி நின்றிருக்கிறது! சாஸ்திரியார் பணங்கொடுத்து நிற்காமல் பார்த்துக் கொண்டார். பிறகு நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி. செங்கோட்டை அந்த நாளில் திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1956-இல்தான் நம் பக்கம் வந்தது. 1927-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். ஆனந்த ராவ், வைத்தியநாதசுவாமி என்று இரண்டு பெரிய பேராசிரியர்களிடம் வேலை. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் விரிவுரையாளர்.

சிதம்பரத்தில் இருந்தபோதுதான் அவர் பெயர் சொல்லும் பெரிய காரியங்களைச் செய்தார். அவற்றில் ஒன்றை என்னைப் போன்றவனுக்கும் புரிகிற மாதிரிச் சொல்லலாம். ஒரு தேசத்தில் 1 ரூபாய், 64 ரூபாய், 729 ரூபாய் என்று, ஓர் எண்ணை ஆறு தடவை பெருக்கி வருகிற தொகைகளுக்கு மட்டுமே நோட்டு அடிக்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். 703 ரூபாய் கொடுக்க வேண்டும். 729 உதவாது. 64 ரூபாய் நோட்டுப் பத்து, மிச்சத்துக்கு ஒரு ரூபாய் நோட்டு அறுபத்து மூன்று. ஆக எழுபத்து மூன்று நோட்டு. எவ்வளவு பெரிய தொகையானாலும் எழுபத்து மூன்று நோட்டுக்கு மேல் ஒருகாலும் வேண்டியிராது என்று 1940-இல் பிள்ளை நிரூபித்தார். 1770-இல் வாரிங் என்ற ஆங்கிலேயர் கிளப்பிய ஒரு பழைய கேள்வியின் பகுதி அது.

பிறகு திருவிதாங்கூரில் கொஞ்ச காலம், கல்கத்தாவில் கொஞ்ச காலம். 1950-இல் அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. பிரின்ஸ்டனில் ஒரு வருஷம் ஆராய்ச்சி. அதற்கு முன் ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு. விமானம் கெய்ரோவை விட்டுக் கிளம்பிச் சிறிது நேரத்தில், ஆகஸ்டு 31-ஆம் தேதி, பாலைவனத்தில் விழுந்தது. ஐம்பத்தைந்து பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. அவருக்கு வயசு நாற்பத்தொன்பது.

நான் சொல்லி நிறுத்தியதும் அவள் வெகு நேரம் பேசவில்லை. விமானத்தைப் பற்றித்தான் யோசிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"மாமா, அந்த எழுபத்து மூணு சாஸ்திரியாருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

நான் கோபுரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

"யாராவது போய்ச் சொல்லியிருக்கணும், இல்லையா?" என்றாள்.

திரும்பி வரும்போது அவர்கள் தெருவுக்குள் நுழைகிற இடத்திலேயே தறிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. அந்தத் தெருவில் புதிதாகப் படுப்பவனுக்குத் தூக்கம் வராது. அங்கேயே பிறந்தவர்களுக்குச் சத்தம் நின்றால் விழிப்புக் கொடுக்கும். ஒரு கூடத்தின் ஜன்னல் பக்கம் அவள் நின்றாள். உள்ளே ஓர் ஆள் தறிகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்தார்.

"நான் என்ன ஆராய்ச்சி பண்றேன்னு நீங்க கேக்கவே இல்லையே. அது இதுதான்" என்றாள்.

ரயில் டிக்கெட், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி என்று எங்கே கூட்டம் காத்திருந்தாலும், எத்தனை பேர் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்று கணக்கிடுவதுதான் வரிசைக் கோட்பாடு. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த எர்லாங் என்ற டேனிஷ்காரர் 1909-இல் அதற்கு வித்திட்டார். காத்திருப்பது மனிதராகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. இழை அறுந்து நிற்கிற தறியும் ஆளுக்காகக் காத்திருக்கிறது. சுவீடன் நாட்டுக் கோனி பால்ம் 1947-இல் ஒரே ஆள் பல இயந்திரங்களைக் கவனிக்கிற இந்தக் கணக்கைப் போட்டார்.

"ஒரு தறி சராசரி பதினஞ்சு நிமிஷம் ஓடும்னு வையுங்க. அப்புறம் பாவு இழை அறும், இல்லே நாடாவில தார் தீரும். சரி பண்ண மூணு நிமிஷம். ஒரு ஆள் எத்தனை தறி பார்க்கலாம்?"

இது மூன்றாம் வகுப்புக் கணக்கு என்று எனக்குத் தோன்றியது. பதினைந்தும் மூன்றும் பதினெட்டு. பதினெட்டை மூன்றால் வகுத்தால் ஆறு. "ஆறு தறி. ஐந்து ஓடிக் கொண்டிருக்கும், ஒன்று கையில் இருக்கும்" என்றேன் பெருமையோடு.

"முதலாளியும் அப்படித்தான் மாமா கணக்குப் போடுவாங்க. தறி முறை வச்சா அறும்? ரெண்டு ஒரே சமயத்தில அறும். ஒண்ணைச் சரி பண்றதுக்குள்ளே மூணாவது நிக்கும். ஆறு தறி குடுத்தா ஓடறது நாலுதான். நாலு தறி குடுத்தா மூணு ஓடும்."

"எட்டுக் கொடுத்தால்?"

"நாலரைக்குக் கொஞ்சம் மேலே."

நான் நம்பவில்லை. நாலுக்கு மூன்று என்றால் எட்டுக்கு ஆறு என்றுதானே யாருக்கும் தோன்றும்? அவள் ஜன்னல் திண்டில் விரலால் எழுதிக் காட்டினாள். நாலு தறியில் அந்த ஆளுக்கு நூறு நிமிஷத்துக்கு நாற்பது நிமிஷம் ஓய்வு. ஆறில் பத்தொன்பது. எட்டில் ஏழு. ஆள் ஓடி ஓடிச் சாகிறான், தறி நின்று கொண்டே இருக்கிறது. கூலி மீட்டர் கணக்கில். நின்ற தறிக்கு மீட்டர் ஏது?

"அப்பாவுக்கு முதல்லே நாலு தறிதான். நான் அஞ்சாம் வகுப்புப் படிக்கையிலே எட்டாக்கினாங்க. கூலி ரெண்டு மடங்கு வரும்னாங்க. அம்மா சீட்டுக்கூடப் போட்டுட்டா. ஒண்ணரை மடங்குதான் வந்தது. அப்பா தன் கைதான் மெதுன்னு நினைச்சுக்கிட்டாங்க. பதினோரு வருஷம் மாமா. சாப்பாட்டு நேரத்திலேயும் நிப்பாங்க. எம்.எஸ்சி. படிக்கையிலே நூலகத்திலே இந்தக் கணக்கைப் பார்த்தேன். நம்ம தறிக்குத் தகுந்த மாதிரி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அன்னிக்கு ராத்திரி விடுதியிலே சாப்பிடலை."

"அப்பாவிடம் சொன்னாயா?"

"ஊருக்கு வந்தப்போ அப்பா காலைக் கட்டிப் படுத்திருந்தாங்க. என்னன்னு சொல்ல?"

அதற்கப்புறம் இரண்டு வருஷம் நூல் கடை. அப்புறம் ஆராய்ச்சி. இன்றுவரை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் மடிக்கணினியைத் திறந்தாள். நான் பக்கத்தில் உட்காரவில்லை, தள்ளியே உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். பழைய ஐந்து வரிகள் அப்படியே இருந்தன. அவற்றுக்கு மேலே புதிதாகச் சில வரிகள். தன் தந்தை பதினோரு வருஷம் எட்டு விசைத்தறிகளைத் தனியாகக் கவனித்தார் என்றும், அவற்றில் சராசரி நாலரைக்குச் சற்று மேல்தான் ஓடியிருக்க முடியும் என்றும், அது ஏன் என்பதிலிருந்தே தன் ஆராய்ச்சி தொடங்கியது என்றும் இருந்தது. எம்.எஸ்சி.க்குப் பிறகு இரண்டு வருஷம் நூல் கடையில் கணக்கு எழுதியது ஒரு வரி. கண்ணீர் எங்கேயும் இல்லை. என்னிடம் திருத்தக் கொடுத்தாள். ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை.

"ஆங்கிலத்திலே இருக்கு. அப்பாவுக்கு நீங்க படிச்சுச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"நீயே சொல்லு."

மாப்பிள்ளை சாப்பாடு முடித்துக் காலை நீட்டித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் தறிக்குப் போவதில்லை. ஒரு ஜவுளிக் கடையில் சரக்குக் கட்டுகிறார். அவள் கீழே உட்கார்ந்து, காகிதத்தைப் பார்க்காமல், ஜன்னலோரத்தில் எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னாள். அவர் இடையில் பேசவில்லை. முடித்ததும் என்னைப் பார்த்தார்.

"என்ன மச்சான், இது நெசமா?"

"கணக்கு அப்படித்தான் சொல்லுது மாப்பிள்ளை. ஐரோப்பாவிலே எழுபது வருஷத்துக்கு முன்னாடியே போட்டு வச்சிருக்கான்."

அவர் மறுபடி மகள் பக்கம் திரும்பினார். "ஆறுன்னா?"

"நாலுப்பா."

"நாலுன்னா?"

"மூணு. நூறு நிமிஷத்துக்கு நாப்பது நிமிஷம் உங்களுக்குச் சும்மா இருக்கும்."

"அது சரிதான். அப்போ வெளியே போயி டீ குடிச்சுட்டு வருவேன். ஒன்னை இடுப்பிலே தூக்கிட்டு வருவா உங்க அம்மா" என்றார். சற்று நேரம் கழித்து, "எட்டுல?" என்றார்.

"ஏழு நிமிஷம் இருக்கும்பா."

"ஏழா?" அவர் தெருவைப் பார்த்தார். எதிர்க் கூடத்தில் ஏதோ ஒரு தறி நின்று, மறுபடி ஓட ஆரம்பித்தது. அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அந்த ஏழு நிமிஷத்தை நான் பார்த்ததே இல்லையே, தாயி."